அராக்னேயும் அதீனாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதீனா என்ற தெய்வத்தோடு போட்டி போட்ட நெசவுக்காரப் பெண் அராக்னே தோற்றுப்போய்ச் சிலந்தி ஆனாள் என்றுதான் இந்தக் கிரேக்கக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மூலக் கவிதையில் அவள் தோற்கவில்லை. அவள் நெய்த துணியில் தெய்வத்தாலேயே குறை கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த ஒரு விவரத்தை விட்டுவிட்டால் கதையே வேறாகிவிடும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தத் துணியைச் சுற்றியே போகும்.

கதை சுருக்கமாக என்ன?

லிடியா நாட்டில் சாயக்காரர் ஒருவரின் மகள் அராக்னே. நெசவில் அவளுக்கு இணை இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. "அதீனாதான் கற்றுக்கொடுத்திருப்பாள்" என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "வேண்டுமானால் அவளே வந்து என்னோடு போட்டி போடட்டும், தோற்றால் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்" என்கிறாள். அதீனா கிழவி வேடத்தில் வந்து புத்தி சொல்கிறாள். அராக்னே கேட்கவில்லை. இருவரும் தறி போட்டு நெய்கிறார்கள். அராக்னேயின் துணி அப்பழுக்கில்லாமல் வருகிறது. தெய்வம் அதைக் கிழித்தெறிந்து, நாடாவால் (தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் மரக் கருவி) அவள் நெற்றியில் அடிக்கிறது. அவமானம் பொறுக்காமல் அராக்னே கழுத்தில் சுருக்கு மாட்டிக்கொள்கிறாள். அதீனா அவளைத் தூக்கிப் பிடித்துச் சிலந்தியாக மாற்றுகிறாள்.

இதன் மூலம் எது? கிரேக்க மொழியில் இருக்கிறதா?

நாம் இன்று அறிந்திருக்கும் முழு வடிவம் லத்தீனில்தான் இருக்கிறது. ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய "மெட்டமார்ஃபோசிஸ்" காவியத்தின் 6ஆம் காண்டம் இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. முதல் 145 வரிகள் முழுக்க இதுதான். காவியம் பொ.ஆ. 8ஆம் ஆண்டையொட்டி முடிந்தது, மொத்தம் 15 காண்டங்கள்.

ஓவிடுக்கு முன்பே வெர்ஜில் தன் வேளாண் கவிதையில் சிலந்தியை "மினர்வாவுக்கு ஆகாதது" என்று போகிறபோக்கில் சொல்கிறார். ஆகவே ஏதோ ஒரு கதை அப்போதே புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினியோ அராக்னேயை லினன் துணியையும் வலையையும் கண்டுபிடித்தவளாகவும், அவள் மகன் குளோஸ்தரைக் கம்பளி நூற்கும் கதிரைக் கண்டுபிடித்தவனாகவும் பட்டியலிடுகிறார். அதில் சாபமும் இல்லை, போட்டியும் இல்லை. பழைய கிரேக்க உரைக்குறிப்பு ஒன்றில் அராக்னேயும் அவள் அண்ணன் ஃபாலங்ஸும் ஏதென்ஸ் பக்கத்தவர்கள். முறைகேடான உறவுக்காக இருவரும் சிலந்திகளாக்கப்படுகிறார்கள். "தலைக்கனத்துக்குத் தண்டனை" என்ற கோணத்தில் யாராவது பேசினால், அவர்கள் பேசுவது ஓவிடின் வடிவத்தை மட்டுமே.

அராக்னே என்ற கிரேக்கச் சொல்லுக்கே சிலந்தி என்றுதான் பொருள். கிரேக்கம் தெரிந்தவர்களுக்கு முடிவு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

அதீனாவா, மினர்வாவா?

ஓவிட் லத்தீனில் எழுதியதால் மினர்வா என்றும் பல்லாஸ் என்றும் சொல்கிறார். கிரேக்கப் பெயர் அதீனா. கைத்தொழில்களின் காவல் தெய்வமாக அவளுக்கு எர்கானே என்ற பட்டப்பெயரும் உண்டு. இந்தப் பக்கத்தில் அதீனா என்றே எழுதுகிறோம்.

கதை நடந்த இடங்கள் இன்று எங்கே இருக்கின்றன?

எல்லாம் துருக்கியின் மேற்குப் பகுதியில். அராக்னேயின் தந்தை இத்மோன் கோலோஃபோன் நகரத்தவர். அது இன்றைய இஸ்மிருக்குத் தெற்கே இருந்தது. அவள் வாழ்ந்த சிற்றூர் ஹைபேபா, இன்றைய ஒதேமிஷ் ஊருக்குப் பக்கத்தில். அவள் நெய்வதைப் பார்க்கத் த்மோலுஸ் மலையின் திராட்சைத் தோட்டங்களிலிருந்தும் பாக்டோலுஸ் ஆற்றிலிருந்தும் வனதேவதைகள் இறங்கி வந்தார்கள் என்கிறார் ஓவிட். த்மோலுஸ்தான் இன்றைய போஸ்தாக் மலை. பாக்டோலுஸ், லிடியாவின் தலைநகர் சார்டிஸ் வழியாகத் தங்கத் துகள்களோடு ஓடிய ஆறு.

தந்தை சாயக்காரர் என்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இரண்டு காரணம். முதலாவது, அவளுக்குக் குலப்பெருமை கிடையாது. தாய் இறந்துவிட்டாள், அவளும் சாதாரணக் குடும்பம்தான். கிரேக்கக் கதைகளில் தெய்வத்தை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் அரசர்கள், அரசிகள், தெய்வ வம்சத்தவர். இவளுக்கு இருப்பது கைவேலை ஒன்றுதான்.

இரண்டாவது, சாயத்தின் விலை. இத்மோன் கம்பளியை ஃபோகேயா ஊதாவில் தோய்ப்பவர். இந்த ஊதா, முள்முள்ளாக இருக்கும் ம்யூரெக்ஸ் என்ற கடல் நத்தையின் சுரப்பியிலிருந்து வருவது. சுரப்பியை எடுத்தவுடன் அதில் நிறமே இருக்காது. காற்றும் வெளிச்சமும் பட்டபின் மஞ்சள், பச்சை, நீலம் என்று மாறிக் கடைசியில் ஊதாவாகும். 1909இல் பால் ஃபிரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்த சாயம் வெறும் 1.4 கிராம். துணியில் ஒரு விரல் அகல ஊதாக் கோட்டுக்குப் பின்னால் குவியல் குவியலாக நத்தை ஓடு கிடக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். போட்டியில் இருவரும் தைர் நகரத்து ஊதா நூலையும் தங்க இழையையும் சேர்த்து நெய்தார்கள்.

அவர்கள் நெய்தது எந்த மாதிரித் தறி?

நம் குழித்தறியை மனதில் வைத்துப் படித்தால் குழப்பம்தான் வரும். அங்கே தறி செங்குத்தாக நிற்கும். அதிலும் இரண்டு வகை உண்டு.

பழைய கிரேக்கத் தறியில் மேலே ஒரு உத்தரம் மட்டும் இருக்கும். பாவு இழைகள், அதாவது நெடுக்கு நூல்கள், அதிலிருந்து தொங்கும். அடியில் கொத்துக் கொத்தாகக் களிமண் எடைகளைக் கட்டியிருப்பார்கள். துணி மேலிருந்து கீழாக வளரும், ஊடை எனப்படும் குறுக்கு நூலை மேல்நோக்கி அடிப்பார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பொ.ஆ.மு. 550–530 காலத்து எண்ணெய்க் குப்பி ஒன்று இருக்கிறது. உயரம் 17 செ.மீ.தான். அமாசிஸ் ஓவியர் எனப்படுபவர் அதில் வரைந்திருக்கும் காட்சியில் இரு பெண்கள் இந்தத் தறியில் நெய்கிறார்கள், மற்றவர்கள் கம்பளியைத் தராசில் நிறுக்கிறார்கள், நூற்கிறார்கள், முடிந்த துணியை மடிக்கிறார்கள். தறியின் அடியில் எடைகள் வரிசையாகத் தொங்குவது தெளிவாகத் தெரியும்.

அந்த எடைகளில்தான் சூட்சுமம். நடுத்தரக் கம்பளி இழை ஒன்றுக்கு சுமார் 20 கிராம் இழுவை தேவை என்று வைத்துக்கொண்டால், 200 கிராம் எடையில் 10 இழை கட்டலாம். அதே எடையில் 30 இழை கட்டினால் பாவு தொய்ந்துபோய், ஊடை நுழையும் இடைவெளி சரியாகத் திறக்காது. 4 இழை மட்டும் கட்டினால் மெல்லிய இழை அறுந்துவிடும். எடைகளை அடுக்கிய வரிசை துணியின் அகலத்தைவிட நீண்டுவிட்டால் பாவு கீழே விரிந்துபோகும்.

இரண்டாவது வகையில் மேலும் கீழும் உத்தரம் உண்டு, எடை கிடையாது. துணி கீழிருந்து மேலாக வளரும், சீப்பால் கீழ்நோக்கி அடிப்பார்கள். ஓவிட் சொல்லும் பாகங்களைப் பாருங்கள்: உத்தரத்தில் பாவு கட்டியிருக்கிறது, நாணல் குச்சி இழைகளைப் பிரிக்கிறது, கூர்முனை நாடா ஊடையைக் கொண்டுபோகிறது, பல் வெட்டிய சீப்பு அதை அடித்து இறுக்குகிறது. எடைக்கல் பேச்சே இல்லை. சில பத்தாண்டுகள் கழித்து ரோமானியத் தத்துவஞானி செனெகா தன் 90ஆவது கடிதத்தில் இதே வரிகளை எடுத்துக்காட்டி, எடைக்கல் தறியைவிட நுட்பமான புதிய முறை இது என்கிறார். பழங்கால லிடியாவின் கதையில் ஓவிட் நிறுத்தியிருப்பது தன் காலத்து ரோமானியத் தறி.

வகுப்பில் செய்துகாட்ட முடியுமா?

முடியும். செய்து பார்த்தால்தான் ஓவிடின் ஓர் உவமை புரியும். நூலின் நிறங்கள் மாறும் விதத்தை அவர் வானவில்லோடு ஒப்பிடுகிறார்: ஆயிரம் நிறம் மின்னுகிறது, அடுத்தடுத்த நிறங்கள் சேருமிடம் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இரு ஓரங்களும் முற்றிலும் வேறு.

ஏறக்குறைய 30 க்கு 45 செ.மீ. உள்ள உறுதியான மரச் சட்டம் ஒன்று, பாவுக்கு முறுக்கேறிய பருத்தி நூல், ஊடைக்கு மெல்லிய கம்பளி நூல், ஒரு மர அடிக்கோல், ஒரு குச்சி, ஒரு முள்கரண்டி போதும். 20 செ.மீ. அகலத்துக்கு 60 பாவு இழை, அதாவது செ.மீ.க்கு 3. எல்லா இழையும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். விரலால் தட்டினால் ஒரே மாதிரித் துள்ள வேண்டும். அடிக்கோலை ஓர் இழைக்கு மேல், ஓர் இழைக்குக் கீழ் என்று செருகுங்கள். அதை நிமிர்த்தி நிறுத்தினால் வழி திறக்கும். ஓவிட் சொன்ன நாணல் இதுதான். கோலுக்குக் கீழே போன 30 இழைகளுக்கும் தனித்தனியாக நூல் வளையம் போட்டு, வளையங்களைக் குச்சியில் கோத்துக்கொள்ளுங்கள். இது விழுது. கோலைப் படுக்கவைத்துக் குச்சியைத் தூக்கினால் எதிர் வழி திறக்கும்.

முதல் 2 செ.மீ. வெறும் பருத்தி நூலில் நெய்யுங்கள், இழைகள் தம் இடத்தில் உட்காரும். பிறகு கம்பளி. நிற மாற்றத்துக்கு மூன்று மெல்லிய இழைகளைச் சேர்த்து ஒரே ஊடையாகப் பிடியுங்கள். முதலில் மூன்றும் நீலம். சில வரி கழித்து இரண்டு நீலம், ஒரு பச்சை. பிறகு ஒரு நீலம், இரண்டு பச்சை. அப்புறம் மூன்றும் பச்சை. இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், நீலம் எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது.

பெரும்பாலும் தவறு நடப்பது ஓரத்தில். ஊடையை நேராக இழுத்து அடித்தால் 20 செ.மீ. துணி மெல்ல மெல்ல 15 ஆகக் குறுகிவிடும். ஊடையைச் சிறு மேடுபோல வளைவாக விட்டுப் பிறகு அடியுங்கள். இரண்டு நிறங்கள் செங்குத்துக் கோட்டில் சந்தித்தால் நடுவே கீறல் விழும். அங்கே இரு ஊடைகளையும் ஒன்றோடொன்று கோத்துத் திருப்ப வேண்டும். சட்டத்தின் மேல்முனை நெருங்கும்போது வழி திறக்காது, கடைசிச் சில செ.மீ. ஊசியால்தான் முடிக்க வேண்டியிருக்கும்.

அதீனா என்ன நெய்தாள்?

தன் வெற்றியை. ஏதென்ஸ் நகரம் யாருக்கு என்று அவளுக்கும் கடல் தெய்வம் பொசைடனுக்கும் நடந்த வழக்கு நடுவில் இருக்கிறது. பன்னிரு தெய்வங்கள் உயர்ந்த ஆசனங்களில், நடுவே தெய்வங்களின் அரசன் சூஸ். பொசைடன் சூலத்தால் பாறையைக் குத்திக் கடல்நீர் வரவைக்கிறான். அவள் ஈட்டியால் குத்திய இடத்தில் காயோடு ஒலிவ மரம் முளைக்கிறது. நான்கு மூலைகளிலும் நான்கு எச்சரிக்கை: தெய்வப் பெயர்களைத் தமக்குச் சூட்டிக்கொண்டு மலையாகிப்போன ரோடோபேயும் ஹேமுஸும், கொக்கான பிக்மி அரசி, நாரையான டிராய் இளவரசி ஆன்டிகோனே, கோயில் படிக்கட்டுகளாகிப்போன மகள்கள் மேல் விழுந்து அழும் கினிராஸ். சுற்றிலும் ஒலிவக் கிளைக் கரை.

ஏதென்ஸில் உண்மையாகவே இப்படி ஒரு துணி இருந்தது. பனதேனையா திருவிழாவில் அதீனாவுக்குச் சாத்தும் ஆடையைத் திருவிழாவுக்கு ஒன்பது மாதம் முன்பே தறியில் ஏற்றுவார்கள். தேர்ந்தெடுத்த சிறுமிகளும் பெண்களும் நெய்வார்கள். அதில் வரும் காட்சி அசுரர்களைத் தெய்வங்கள் வென்ற போர். தெய்வத்தின் வெற்றியை நெய்வது அங்கே வழிபாட்டின் பகுதி.

அராக்னே என்ன நெய்தாள்?

தெய்வங்கள் வேடம் போட்டுப் பெண்களை ஏமாற்றியதை. மொத்தம் 21 காட்சி. சூஸுக்கு 9, பொசைடனுக்கு 6, அப்போலோவுக்கு 4, டையோனிசஸுக்கு 1, க்ரோனோஸுக்கு 1. காளை, கழுகு, அன்னம், பொன்மழை, தீ, பாம்பு, டால்பின், திராட்சை என்று எத்தனை வேடமோ அத்தனையும். முதல் காட்சி, காளை வேடத்தில் வந்த சூஸ் கடத்திப்போன யூரோப்பா. காளையின் முதுகில் கடலுக்குள் போகிறாள். கரையைத் திரும்பிப் பார்க்கிறாள், தோழிகளைக் கூப்பிடுகிறாள், மேலே தெறிக்கும் தண்ணீருக்குப் பயந்து காலை மடக்கிக்கொள்கிறாள். காளையும் கடலும் நிஜம் என்றே நினைப்பீர்கள் என்கிறார் ஓவிட். அந்த மடங்கிய காலை நெய்தவளைத் தற்பெருமைக்காரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை.

அவள் துணியில் நடுவும் இல்லை, மூலையும் இல்லை. காட்சிமேல் காட்சியாக ஓடுகிறது. சுற்றிலும் ஐவிக் கொடியோடு பின்னிய பூக்கரை.

அப்படியானால் ஜெயித்தது யார்?

"அந்த வேலையில் பல்லாஸாலும் குறை காண முடியவில்லை, பொறாமையாலும் முடியவில்லை" என்பது ஓவிடின் வாக்கு. அடுத்து, அவளது வெற்றி கண்டு தெய்வம் மனம் வெதும்பியது என்கிறார். தீர்ப்புச் சொல்ல நடுவர் யாரும் இல்லை. அராக்னே தோற்றாள் என்றும் கவிதை எங்கும் சொல்லவில்லை. "அதீனாவின் துணியே அழகாக இருந்தது" என்று முடியும் சிறுவர் புத்தகங்கள் மூலத்துக்கு நேர் எதிராகச் சொல்கின்றன.

பிறகு எதற்காக அடித்தாள்?

துணியைக் கிழிக்கும் இடத்தில் ஓவிட் அதை விண்ணவர் குற்றங்கள் என்ற பொருளில் "கேலெஸ்தியா கிரிமினா" என்கிறார். கிரிமினா என்ற லத்தீன் சொல்லுக்குக் குற்றம் என்றும் பொருள், குற்றச்சாட்டு என்றும் பொருள். குற்றச்சாட்டு என்றால் அவதூறு, குற்றம் என்றால் உண்மை. இரண்டும் ஒரே சொல்லில் இருக்கிறது, கவிஞர் பிரித்துச் சொல்லவில்லை. தெய்வம் அவள் திறமையையும் பொறுக்கவில்லை, அந்தத் திறமை நெய்துகாட்டிய காட்சிகளையும் பொறுக்கவில்லை என்று படிப்பதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. அடித்த கருவி, கித்தோருஸ் மலையில் விளைந்த பாக்ஸ் மரத்தால் செய்த நாடா. மூன்று, நான்கு முறை நெற்றியில். தொழில் கருவியாலேயே விழுந்த அடி அது.

அராக்னேயிடம் தவறே இல்லையா?

இருக்கிறது. வயதான பெண் கைத்தடி ஊன்றி வந்து, "மனிதர்களிடையே உனக்கு என்ன புகழ் வேண்டுமோ தேடிக்கொள், தெய்வத்திடம் மட்டும் பணிந்து மன்னிப்புக் கேள்" என்கிறாள். அராக்னே முறைக்கிறாள், ஓங்கத் துடித்த கையை அடக்கிக்கொள்கிறாள். "வயசாகிப் புத்தி மழுங்கி வந்திருக்கிறாய். உனக்கு மருமகள், மகள் இருந்தால் அவர்களிடம் போய்ச் சொல். அவள் ஏன் நேரில் வரவில்லை?" என்கிறாள். "வந்துவிட்டாள்" என்று கிழவி வேடத்தைக் களைகிறாள். எல்லாரும் விழுந்து வணங்க, அராக்னே மட்டும் நிற்கிறாள். ஆனாலும் விடியற்கால வானம்போல முகம் ஒரு கணம் சிவந்து மறைகிறது. பயந்தாள், பின்வாங்கவில்லை.

இத்தகைய செயலைக் குறிக்க இன்று பலர் சொல்வது "ஹூப்ரிஸ்". அதை வெறும் கர்வம் என்று மொழிபெயர்ப்பது போதாது. ஏதென்ஸ் சட்டத்தில் ஹூப்ரிஸ் வழக்குப் போடக்கூடிய குற்றம். வேறு ஆதாயம் எதுவுமின்றி, இன்பத்துக்காகவே இன்னொருவரை அவமானப்படுத்துவது என்று அரிஸ்டாட்டில் விளக்குகிறார். அந்த அளவுகோலை வைத்தால், கிழவியிடம் பேசிய பேச்சு அதில் வரும். நெய்த துணி வருமா என்பது விவாதத்துக்குரியது.

சிலந்தியாக்கியது இரக்கமா, தண்டனையா?

இரண்டுமே. "பரிதாபப்பட்டு" தூக்கிப் பிடித்தாள் என்றே கவிதை சொல்கிறது. அதே மூச்சில், "உயிரோடு இரு, ஆனால் தொங்கிக்கொண்டே இரு, உன் சந்ததிக்கும் இதுதான்" என்கிறாள். மாயவித்தைத் தெய்வமான ஹெகடேயின் மூலிகைச் சாறு பட்டதும் முடி, மூக்கு, காது உதிர்கின்றன. தலை சுருங்குகிறது. மெலிந்த விரல்கள் விலாவில் கால்களாக ஒட்டிக்கொள்கின்றன. மீதியெல்லாம் வயிறு. அந்த வயிற்றிலிருந்து நூல் விடுகிறாள், பழைய தறி வேலையைத் தொடர்கிறாள். கம்பளி நூற்ற அந்த விரல்கள் கால்களாக மிஞ்சின. அவள் இனிச் சித்திரம் நெய்ய முடியாது.

சிலந்தி நிஜமாகவே நெய்கிறதா?

நெசவுத் தொழில் கணக்கில் இல்லை. பாவும் ஊடையும் மேலும் கீழுமாகக் கோத்துப் போனால்தான் நெசவு. வட்ட வலை கட்டும் சிலந்தி முதலில் மையத்திலிருந்து ஆரங்களாக ஒட்டாத இழைகளை இழுக்கிறது, பிறகு அவற்றின்மேல் பசையுள்ள சுருள் இழையை ஒட்டிக்கொண்டே போகிறது. வயிற்றின் பின்முனையிலுள்ள நூற்புறுப்புகளிலிருந்து நூல் வருகிறது என்பதில் மட்டும் ஓவிட் இயற்கைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

ஓவிட் தன்னையே அராக்னேயாக நினைத்தாரா?

பலரும் அப்படிப் படிக்கிறார்கள், காரணமும் இருக்கிறது. காவியத்தின் தொடக்கத்தில் தன் பாடலைத் தொடர்ந்து இழுத்துத்தருமாறு தெய்வங்களை வேண்டுகிறார். அங்கே அவர் வைக்கும் வினைச்சொல் நூல் இழுப்பதற்கு வழங்கும் சொல். போட்டியில் பழங்கதைகள் தறியில் விரிவதைச் சொல்லவும் அதே சொல்தான். இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என்று ஒரே பெயர் வைத்திருக்கும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அராக்னே நெய்ததும் தெய்வங்களின் உருமாற்றங்கள்தான், ஓவிடின் காவியத்தின் பெயரும் அதுதான். பொ.ஆ. 8இல் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் ஓரத்துத் தோமிஸுக்கு, இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டான்ஸாவுக்கு, நாடுகடத்தினார். "ஒரு கவிதையும் ஒரு பிழையும்" காரணம் என்று ஓவிட் எழுதினார். அந்தக் கவிதை அவரது முந்தைய காதல் கலை நூல். ஆகவே அராக்னே கதைக்காகத் தண்டிக்கப்பட்டார் என்று சொல்லிவிடக் கூடாது.

ஓவியங்களில் எங்கே பார்க்கலாம்?

ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் "நூற்கும் பெண்கள்". 1650களின் பிற்பகுதியில் வரைந்தது. முன்புறம் சாதாரண நூற்புக்கூடம். இடப்பக்கப் பெண்ணின் ராட்டை சுற்றும் வேகத்தில் ஆரங்களே தெரியவில்லை. பின்னால் வெளிச்சமான அறையில் தலைக்கவசத்தோடு அதீனா கை ஓங்குகிறாள், எதிரே அராக்னே, அவளுக்குப் பின்னால் அவள் நெய்த திரை. அந்தத் திரையில் இருப்பது இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த யூரோப்பா. நீண்ட காலம் இதை வெறும் நெசவுக்கூடக் காட்சி என்றே நினைத்திருந்தார்கள்.

சிறுவர்களுக்குச் சொல்லலாமா?

சொல்லலாம். சுருக்கு மாட்டிக்கொள்ளும் இடத்தைச் சிறியவர்களுக்கு விட்டுவிட்டு, "மனமுடைந்து போனாள்" என்றால் போதும். 21 காட்சிகளை "தெய்வங்கள் மிருக வேடத்தில் ஏமாற்றிய கதைகள்" என்று சொல்லலாம். ஆனால் துணி குறையில்லாமல் இருந்தது என்பதை மாற்றாதீர்கள். "இது நியாயமா?" என்று குழந்தை கேட்டால், கேட்கட்டும்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை?

முந்தைய 5ஆம் காண்டத்தில் கலைத்தேவியரோடு பாட்டுப்போட்டி போட்டு மேக்பை பறவைகளான ஒன்பது சகோதரிகள். அதைக் கேட்டபிறகுதான் அதீனா லிடியாவுக்குக் கிளம்புகிறாள். 6ஆம் காண்டத்திலேயே அடுத்து வருவது நியோபே. சிறுமியாக லிடியாவில் இருந்தபோது அராக்னேயை அறிந்தவள் அவள். அந்தக் கதையிலிருந்து எதுவும் கற்காமல் அப்போலோவின் தாய் லெட்டோவைவிடத் தனக்கே பிள்ளைகள் அதிகம் என்று சொல்லி, ஓவிட் கணக்கில் 14 பேரையும் இழந்தாள். பிறகு அப்போலோவோடு குழல் ஊதித் தோலுரிக்கப்பட்ட மார்சியாஸ். மூன்றையும் வரிசையாகப் படித்தால், நியோபே வாயால் பெருமை பேசினாள், மார்சியாஸ் போட்டியில் தோற்றான், அராக்னே இருவரைப் போலவும் இல்லை என்பது தெரியும்.